சிக்கனம் நமக்குப் புதிதல்ல!

உலகம் சூடேறுகிறது, பருவம் தவறுகிறது, ஆகவே வாழ்க்கை முறையையும் தொழில் முறையையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. மாநாட்டு மேடைகளில் தொடங்கிய இந்தப் பேச்சு, இன்று மும்பையில் நம் இட்லிக் கடைக்கும் இஸ்திரி வண்டிக்கும் வந்துவிட்டது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த உழைப்பாளித் தமிழ்க் குடும்பங்கள் இதில் என்ன நிலை எடுப்பது? ‘பணக்காரர் பிரச்சினை, நமக்கென்ன’ என்று ஒதுங்குவதா? ‘குற்றமெல்லாம் நம்முடையதே’ என்று தலையாட்டுவதா? இரண்டும் தவறு என்பதே நமது கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓர் அமெரிக்கரின் பெயரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. ஓர் இந்தியரின் பெயரில் ஏறத்தாழ 2 டன். அந்த 2 டன்னும் சராசரிதான். அறைக்கு அறை குளிர்சாதனம் வைத்திருப்பவரையும், ஒரே மின்விசிறியின் கீழ் ஐந்து பேர் படுத்துறங்கும் குடும்பத்தையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த சராசரி! இந்த நிலையில், 2025 ஜனவரியில் பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து விலகும் உத்தரவில் அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அதிகம் எரித்தவர் எழுந்து போக, குறைவாக எரித்தவருக்கு உபதேசமா என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

ஆனால், கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட முடியுமா? வெள்ளம் யார் வாசலுக்கு முதலில் வருகிறது? 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு பொங்கியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆற்றை நெருக்கிய கட்டடங்களும், அதில் விடப்பட்ட கழிவும், சாக்கடையை அடைத்த பிளாஸ்டிக் பைகளும் அந்தத் துயரத்தைப் பெருக்கின. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது தாங்கும் ஈரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும் என்பது விஞ்ஞானம். ஆகவே இத்தகைய பெருமழைகள் இனியும் வரும். 2016 ஜனவரியில் தேவனார் குப்பைமேடு பற்றி எரிந்தபோதும் அப்படித்தான். 1927 முதல் நகரம் முழுவதும் கொட்டிய குப்பை அது. புகையைக் குடித்ததோ கோவண்டியும் மான்கூர்டும் செம்பூரும்!

எனவே, இந்த விவாதம் நம்முடையதும்தான். நாம் கைகட்டிப் பாடம் கேட்க வேண்டியவர்களும் அல்லர். பழைய சேலையைத் தொட்டிலாக்கி, பிறகு கால்மிதியாக்கும் வீடு நம்முடையது. தாராவியின் 13-ஆம் காம்பவுண்டில் நகரம் வீசியெறிந்த பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, கழுவி, அரைத்து, குருணையாக்கி மீண்டும் சரக்காக்குகிறவர்கள் உழைப்பாளிகள். பலர் கையுறையும் முகமூடியும் இன்றியே அந்த வேலையைச் செய்கிறார்கள். சுற்றுச்சூழலைக் காப்பதாகக் கூட்டம் போடுகிறவர்கள் இவர்களை ஏன் மேடைக்கு அழைப்பதில்லை?

தொழில் விஷயத்துக்கு வருவோம். மும்பையின் பேக்கரிகள் விறகையும் நிலக்கரியையும் விட்டு, ஆறு மாதத்துக்குள் எரிவாயு போன்ற மாசு குறைந்த எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. புகை குறைவது நல்லது. அடுப்பின் முன் நிற்கும் தொழிலாளியின் நெஞ்சுக்கும் நல்லது. ஆனால் புது அடுப்புக்கு முதல் போடுவது யார்? பெரிய முதலாளி வங்கிக்குப் போவார். சிறிய கடைக்காரர் வட்டிக்கடைக்குப் போவார். இன்று பேக்கரிக்கு வந்த விதி நாளை கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரி வண்டிக்கும் வரலாம். விதி வந்த பின் ஓடுவதைவிட, வருமுன்னே ஒன்றுகூடிக் கடன் வசதி கேட்பதே அறிவுடைமை.

சரி, நாம் செய்யக்கூடியவை என்ன?

தாய்மார்கள் ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் தனித்தனியாகப் போட்டால், பிரிக்கிற தொழிலாளியின் கையில் அழுகல் படாது. சரக்குக்கும் விலை கிடைக்கும். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்னும் புதுவகை 30 வாட்டில் ஓடும். நாளுக்கு 12 மணி நேரம் சுற்றினால் மாதம் 16 யூனிட் மிச்சம். விலைதான் சற்றுக் கூடுதல். சங்கக் கிளைகள் மொத்தமாக வாங்கித் தவணையில் கொடுத்தால் அந்தத் தடையும் நீங்கும்.

இட்லி வியாபாரம் செய்யும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு சொல். தட்டில் பிளாஸ்டிக் தாள் விரித்து வேகவைப்பதை 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு தடை செய்தது. நம் பாட்டிமார் விரித்த வெள்ளைத் துணி போதாதா? கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டுவதையும் நிறுத்துவோம். தூக்குவாளி கொண்டுவருபவருக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுங்கள். பை வாங்கும் செலவு உங்களுக்கே மிச்சம்.

கூடவே, கேட்க வேண்டியதையும் கேட்போம். 2050-க்குள் மும்பையின் கரிவாயுக் கணக்கைப் பூச்சியமாக்குவோம் என்று மாநகராட்சி 2022 மார்ச்சில் திட்டம் வெளியிட்டது. அந்தத் திட்டத்தில் நம் சந்துகளின் சாக்கடை உண்டா? சிறு தொழிலுக்குக் கடன் உண்டா? தாராவி மறுசீரமைப்பில், கழிவைச் சரக்காக்கும் தொழிலுக்கு இடம் உண்டா? அந்தத் தொழிலை விரட்டிவிட்டுக் கட்டப்படும் மாளிகையைப் பசுமை என்று சொன்னால் நாம் நம்ப மாட்டோம்.

தோழர்களே! சிக்கனம் நமக்கு வறுமை கற்றுத்தந்த பாடம். அதை அறிவோடு செய்வோம்; நம் நலனுக்காகச் செய்வோம். நம் பங்கை நாம் செய்தோம், உங்கள் பங்கு எங்கே என்று கேட்கும் குரலுக்குத் தனி வலிமை உண்டு. இந்த மாதக் கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள், முடிவெடுங்கள், மழைக்காலம் வருமுன் தொடங்குங்கள்.