கூலியும் இல்லை, இலாபமும் இல்லை

திருமண அழைப்பிதழ், கடைப் பெயர்ப் பலகை, முகநூல் விளம்பரம், தேர்தல் சுவரொட்டி என நாள்தோறும் நம் கண்ணில் படும் வடிவமைப்புகளில் பலவற்றை உருவாக்குபவர்கள், எந்த நிறுவனத்திலும் ஊழியராக இல்லாத இளைஞர்கள். சொந்தக் கணினி, சொந்த மின்சாரம், சொந்த இணைய இணைப்பு ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலிருந்தே பணிபுரியும் இவர்களை 'ஃப்ரீலான்ஸ் டிசைனர்' என்கிறோம். சுதந்திரமான தொழில் என்று போற்றப்படும் இதில், தொடக்க நிலையில் இருப்பவருக்குக் கிடைப்பது என்ன?

ஒரு கடையின் இலச்சினைக்கு 500 ரூபாய் பேசப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவுக்கு 4 மணி நேரம். பிறகு, 'எழுத்தைச் சற்றுப் பெரிதாக்குங்கள்', 'வேறு வண்ணத்தில் பார்க்கலாம்' என்று 6 முறை திருத்தம்; ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். ஆக, மணிக்கு 50 ரூபாய். மென்பொருள் சந்தாவும் கணினித் தேய்மானமும் இதற்குள்தான் அடங்க வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேடி ஃபைவர் தளத்துக்குச் சென்றால், ஈட்டுவதில் 20 விழுக்காட்டைத் தளமே எடுத்துக்கொள்கிறது.

ஆள் பெருகினால் கூலி குறையும், இது சந்தையின் இயல்பு என்று சிலர் கூறக்கூடும். பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இந்த வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். கேன்வா போன்ற செயலிகளும், கேட்டவுடன் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவும் இத்துறைக்குள் நுழைவதை எளிதாக்கிவிட்டன. மீதிப் பாதி வேறு. படைப்பு கைக்கு வரும்வரை அதன் தரத்தை வாங்குபவரால் அறிய முடியாது. அத்தகைய சந்தையில் வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தரமாட்டார். தரமானதை விற்பவர் விலகிப்போவார் என்று பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டி 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகர்லாஃப். பெயர் பெறாத புதியவர், அந்த ஐயத்தின் செலவு முழுவதையும் தாமே சுமக்கிறார். 'முதலில் செய்து காட்டுங்கள், அனுபவம் கிடைக்குமே' என்பதன் பொருள் இதுதான்.

சட்டம் இவருக்கு என்ன பாதுகாப்பு அளிக்கிறது? குறைந்தபட்ச ஊதியம் ஊழியருக்கு உரியது. இவர் ஊழியர் அல்லர். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தள நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை தொழிலாளர் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. உணவு கொண்டுவரும் இளைஞருக்குப் பின்னால் அப்படியொரு நிறுவனம் இருக்கிறது. அச்சகத்திடமிருந்து வாட்ஸ்ஆப்பில் நேரடியாக வேலை பெறும் வடிவமைப்பாளருக்குப் பின்னால் யாரும் இல்லை.

தொழிலாளி இல்லையென்றால் இவர் தொழில்முனைவோர்தானே? அப்படியானால் அந்த உரிமையையாவது பயன்படுத்த வேண்டும். ஆதார், பான் எண்களைக் கொண்டு உத்யம் இணையதளத்தில் கட்டணமின்றிக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். வேலையைத் தொடங்கும் முன்பே பதிந்திருப்பது நல்லது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பணியை ஏற்றுக்கொண்டவர் பேசிய தவணைக்குள் பணம் தரவேண்டும். அத்தவணை 45 நாள்களைத் தாண்டக் கூடாது. எழுத்துமூலம் தவணை பேசாவிடில் 15 நாள்கள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கில், மாதந்தோறும் கணக்கிடப்படும் கூட்டு வட்டி உண்டு. நிலுவையைத் தீர்க்கும்வரை அத்தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது.

எனினும், முறையிட்டால் அடுத்த வேலை கிடைக்காது என்ற அச்சம் உள்ளவரை இச்சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும். இங்குதான் நியூயார்க் நகரின் முன்மாதிரி உதவும். அங்கு 2017-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட பணிக்கு எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. வேறு தேதி குறிக்கப்படாவிட்டால் பணி முடிந்த 30 நாள்களுக்குள் பணம் தரவேண்டும். உரிமை கோரியவரைப் பழிவாங்குவது குற்றம். 2024-இல் இது நியூயார்க் மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. 2023-இல் கிக் தொழிலாளர் நல வாரியம் அமைத்த தமிழகத்துக்கு இத்தகைய சட்டம் எட்டாத ஒன்றல்ல. நம் வருவாய் நிலைக்கேற்பச் சில ஆயிரம் ரூபாயை வரம்பாக வைத்து, முன்பணம், திருத்தங்களின் எண்ணிக்கை, பணம் தரும் நாள் ஆகிய மூன்றையும் ஒரு பக்க ஒப்பந்தத்தில் எழுதச் செய்தாலே பாதிச் சச்சரவுகள் தீரும். அரசுத் துறைகளும் கல்லூரிகளும் தாங்கள் பெறும் வடிவமைப்புகளில் இதை முதலில் கடைப்பிடிக்கலாம்.

இது சில இளைஞர்களின் வருமானப் பிரச்சினை மட்டுமன்று. ஓராண்டு, ஈராண்டு கூலியின்றித் தாக்குப்பிடிக்க வீட்டில் வசதி இருப்பவரே இத்துறையில் நிலைக்க முடியும் என்றால், கடன் வாங்கிக் கணினி வாங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரி திறமையிருந்தும் வெளியேறிவிடுவார். தரமானது விலகும் சந்தை என்று அகர்லாஃப் குறிப்பிட்டது இதைத்தான். அந்த இழப்பு வாங்குபவருக்கும் சேர்த்துத்தான்.