ரோடு அளக்க வருகிறவரிடம் வாய்க்காலைக் காட்டுங்கள்

தென்காசி, கடையநல்லூர், சிவகிரிப் பக்கத்து விவசாயிகளுக்குக் கல் என்றாலே இப்போது ஒரு பயம் இருக்கிறது. காலையில் வயலுக்குப் போனால் வரப்பில் நம்பர் எழுதிய சிமெண்டுக் கல் ஒன்று முளைத்திருக்கும். யார் வந்தார்கள் என்று கேட்டால், "முக்காலி மாதிரி ஒன்றை நட்டுவைத்துப் பார்த்தார்கள்" என்பார் பக்கத்து வயல்காரர். பொழுது சாய்வதற்குள் பைபாஸ், நான்கு வழிச்சாலை, ரயில் பாதை என்று ஊரில் பத்து விதமான பேச்சு கிளம்பிவிடும். மறுநாள் யாராவது அந்தக் கல்லைப் பிடுங்கி ஓடையில் போட்டுவிடுவார்கள்.

இந்தப் பயம் அநியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். சாலைக்கு 60 மீட்டர் அகலம் எடுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 6 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 15 ஏக்கர் நிலம் போய்விடும். சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் பக்கம் 208 அடிதான். 60 மீட்டர் என்பது 197 அடி. ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் நடுவில் அகப்பட்டுக்கொண்டால் அவருக்கு வரப்புத்தான் மிஞ்சும். ராஜபாளையத்திலிருந்து புளியரை வரை நான்கு வழிச்சாலை நன்செய் வழியாக வருகிறது என்றவுடன் நம் பகுதி விவசாயிகள் எதிர்த்துக் குரல் கொடுத்ததில் வியப்பொன்றும் இல்லை.

ஆனால் அந்த முக்காலியை நட்டுவைத்துப் பார்க்கிறாரே, அவரை விரட்டுவது மட்டும் நமக்கு நல்லதல்ல என்பது என் அபிப்பிராயம். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அது பெருமைப்படத்தக்க அனுபவமும் அல்ல.

முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்பு, பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுச் சும்மா இருந்த நாளில், சாலை ஒன்றுக்கு மட்டம் எடுக்க வந்த கூட்டத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். ஸ்டாஃப் என்று சொல்லும் அளவு போட்ட கட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. லெவல் கருவியில் கண் வைத்திருப்பவர் கட்டையில் தெரியும் எண்ணைச் சொல்லுவார், இன்னொருவர் புத்தகத்தில் எழுதுவார். இத்தனை மீட்டருக்கு ஓர் இடம் என்று கணக்கு வைத்துக்கொண்டு நடப்போம். அப்போது பங்குனி கடைசி. பிசானம் அறுப்பு முடிந்து, ஆடு மாடு மேய்ந்து, வண்டி ஓடி, வயக்காடு முழுவதும் களம் மாதிரி சமமாகக் கிடந்தது.

ஓர் இடத்தில் மேற்கே இருக்கும் குளம் மறுகால் பாய்ந்தால் தண்ணீர் வடியும் தாழ்வு ஒன்று உண்டு. அகலம் அதிகம், ஆழம் ஒரு முழம்கூட இராது. மழை இல்லாத நாளில் பார்த்தால் யாருக்கும் ஓடை என்று தோன்றாது. எங்கள் கட்டை அதற்கு இந்தப் பக்கம் ஒரு தடவையும் அந்தப் பக்கம் ஒரு தடவையும் நின்றதே தவிர, தாழ்வில் நிற்கவில்லை. எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அங்கே கெண்டை பிடித்திருக்கிறேன். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. கட்டை பிடிக்கிறவனுக்கு என்ன பேச்சு என்று இருந்துவிட்டேன்.

சாலையை மேடாக்கிப் போட்டார்கள். பழைய படத்தில் வாய்க்கால் என்று இருந்த இடத்தில், தாழ்விலிருந்து சுமார் நூறு கெஜம் தள்ளி, கல்வெட்டுப் பாலம் கட்டினார்கள். அந்த வருஷக் கார்த்திகை மழையில் தண்ணீர் சாலையில் முட்டி நின்றது. ஒன்பது நாள் வடியவில்லை. மேற்கே நட்டிருந்த பிசானம் வேரோடு அழுகிவிட்டது. அதில் என் மாமாவின் வயலும் ஒன்று. "ஏல, நீதான கட்டையப் பிடிச்சிக்கிட்டு நின்ன. ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்று அவர் கேட்டார். அதற்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

நம் பகுதியில் இது ஏன் அதிகம் நேரக்கூடியது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நமக்குத் தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது. குற்றாலத்து மலையிலிருந்து சிற்றாறு, மேக்கரையிலிருந்து அனுமன் நதி, கடையநல்லூருக்கு மேலே கருப்பாநதி, செங்கோட்டைப் பக்கம் குண்டாறு என்று எல்லாமே மலையிலிருந்து கிழக்கு நோக்கி ஓடுகிறவை. திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிக்கு வரும் சாலை பெரும்பாலும் தண்ணீர் போகும் திசையோடு ஒத்துப் போகிறது. ஆனால் ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று வரும் சாலை மலையடிவாரத்தை ஒட்டி நீளவாக்கில் வருகிறது. மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஓடையையும், ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்குப் போகும் ஒவ்வொரு காலையும் அது குறுக்கே வெட்டித்தான் ஆகவேண்டும். அதற்குப் பக்கத்திலேயே புதிதாக இன்னொரு சாலையை உயர்த்திப் போட்டால், கண் விடாத இடமெல்லாம் அணைக்கட்டுத்தான். விருதுநகர் ரயிலில் போகும்போது தண்டவாளத்துக்குக் கீழே எத்தனை கண் இருக்கிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

குளத்துப் பாசனத்தில் ஒரு சாண் மட்டம் பெரிய விஷயம். மடையை ஒரு சாண் உயர்த்தினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஒரு சாணைச் சாலைக்காரர்கள் புத்தகத்தில் எழுதுவது ஆபீசில் இருக்கும் பெரிய இன்ஜினீயர் அல்ல. வெயிலில் நிற்கிற அந்த அளவுத் தொழிலாளிதான். அவர் குறிக்காதது படத்தில் இராது. படத்தில் இல்லாததற்குப் பாலம் கிடையாது.

இப்போதெல்லாம் கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன என்பார்கள். உண்மைதான். 1802-ம் ஆண்டு லாம்டன் என்ற வெள்ளைக்காரர் சென்னை பரங்கிமலைப் பக்கம் தரையில் சங்கிலி போட்டு அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னாடு முழுவதையும் அளந்தார். அவருடைய தியோடலைட் அரை டன் கனம். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது அது கயிறு அறுந்து அடிபட்டதாக வரலாறு. இன்று ஒரு கையால் தூக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி அரை கிலோமீட்டர் தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடுகிறது. செயற்கைக்கோளை வைத்துக் கல்லின் இடத்தைக் குறிக்கிறார்கள். ட்ரோன் மேலே பறந்து படம் எடுக்கிறது. ஆனால் பங்குனி மாதம் பறக்கிற ட்ரோனுக்குக் கார்த்திகைத் தண்ணீர் தெரியுமா? தென்னந்தோப்புக்கு அடியில் போகிற சின்னக் காலும், இரண்டு வரப்புக்கு நடுவே புதைத்திருக்கும் குழாயும் அதன் கண்ணில் படுமா?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. சிறு பாலங்களுக்கும் கல்வெட்டுகளுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்திருக்கும் நெறிமுறையிலேயே, வெள்ளம் அதிகபட்சமாக எவ்வளவு உயரம் வந்தது என்பதை உள்ளூர்க்காரர்களிடம் விசாரிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. கேட்கச் சொல்லி விதி இருக்கிறது. கேட்க வருகிறவரை ஊருக்குள் விடாவிட்டால் அவர் டீக்கடையில் யாரையாவது கேட்டு எழுதிக்கொண்டு போவார்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதிகத் தூரம் போக வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே ரயில் பாதையின் அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அத்தனை பெரிய மழைக்கு யார்தான் கணக்குப் போட முடியும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் தண்ணீர் எந்த வழியாக வரும் என்பது அந்தந்த ஊர் நீர்ப்பாய்ச்சிக்குத் தெரிந்த கணக்குத்தான்.

"வழி காட்டினால் நிலத்தைக் கொடுக்கச் சம்மதித்த மாதிரி ஆகிவிடாதா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். ஆகாது. கல் நட்டதாலேயே நிலம் போய்விடவும் செய்யாது; கல்லைப் பிடுங்குவதாலேயே நிலம் தப்பிவிடவும் செய்யாது. கல்லின் இடம் எண்ணாகக் குறித்து வைக்கப்பட்டிருக்கும். அரை மணி நேரத்தில் திரும்ப நட்டுவிடுவார்கள்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ம் ஆண்டுச் சட்டப்படி முதலில் 3ஏ அறிவிப்பு அரசிதழில் வரவேண்டும். இரண்டு பத்திரிகைகளிலும் வரும், அதில் ஒன்று நம் மொழிப் பத்திரிகை. அதற்குப் பிறகு நிலத்தில் இறங்கி அளக்க 3பி பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. அதற்கு முன்னால் வருகிறவரிடம் யார் அனுப்பினார்கள், கடிதம் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. ஆட்சேபம் சொல்ல 3சி பிரிவில் 21 நாள் தருகிறார்கள். அரசிதழில் வெளியான நாளிலிருந்து என்று சட்டத்தில் இருக்கிறது. பத்திரிகையில் பார்த்த நாளிலிருந்து எண்ணி ஏமாறாதீர்கள். எழுத்து மூலமாகக் காரணம் சொல்லிக் கொடுக்க வேண்டும். நேரிலோ வக்கீல் மூலமாகவோ விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். மாநில நெடுஞ்சாலைக்கு 2001-ம் ஆண்டுத் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் தனியாக இருக்கிறது. அதிலும் நோட்டீஸ் கொடுத்து ஆட்சேபம் கேட்டாக வேண்டும்.

சாலையே வேண்டாம் என்பவரும் தாராளமாக ஆட்சேபம் எழுதலாம். ஆனால் "நிலம் தரமாட்டேன்" என்று ஒரு வரி எழுதுவதைவிட, "சர்வே எண் இன்னதில் இன்ன குளத்தின் மறுகால் இருக்கிறது, இன்ன மடை இத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது, படத்தில் அது இல்லை" என்று எழுதினால் அதிகாரி அதற்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். சாலையை ஒதுக்கச் சொல்லுவதற்கும் அதுதான் பலம்.

நிலம் இரண்டாகத் துண்டுபட்டால் அந்த நஷ்டத்தையும் ஈட்டுத்தொகையில் சேர்க்க வேண்டும் என்று 3ஜி பிரிவில் இருக்கிறது. கிணறு ஒரு பக்கம், வயல் மறுபக்கம் என்று ஆகிவிட்டால் இதைக் கேட்க மறக்காதீர்கள். பணம் பட்டாவில் பெயர் உள்ளவரைத் தேடித்தான் வரும். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பதிவில் நம் பக்கத்தில் பல பட்டாக்களில் பெயரும் உட்பிரிவும் தப்பாக ஏறிக் கிடக்கின்றன. தாத்தா பெயரிலேயே இருக்கிற பட்டாவும் ஏராளம். அந்தக் காலத்தில் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகங்களுக்கு இன்றும் உட்பிரிவு கிடையாது. புலப்படத்தை இப்போது இணையத்திலேயே எடுக்கலாம். பேரப்பிள்ளையிடம் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் போனில் காட்டிவிடுவான்.

சாலை போடுகிற துறைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மட்டம் எடுக்கும் வேலையைக் கோடையில் ஒரு தடவை செய்தால், குளம் நிறைந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அதே கோட்டில் இன்னொரு தடவை நடந்து பார்க்கவேண்டும். நடக்கும்போது அந்த ஊர் நீர்ப்பாய்ச்சியை ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட அழைத்துப் போகட்டும். கோடிக்கணக்கில் செலவாகும் வேலையில் அது எந்த மூலைக்கு? 2000-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருக்கும் இடத்தில், கல்வெட்டு எங்கெங்கே வருகிறது என்ற படத்தைச் சங்கத் தலைவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கட்டும். அந்தப் படம் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு மாதம் தொங்கட்டும். மண் அடித்து மேடாக்கிய பிறகு மனுக் கொடுத்துக் கண் திறப்பதற்குள் இரண்டு பிசானம் போய்விடுகிறது. எங்கள் ஊரில் அப்படித்தான் ஆயிற்று.

நம் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போவது பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.டி.ஐ.யில் சர்வேயர் பிரிவு இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் இரண்டு வருஷம் படிக்கலாம். வெயில் வேலைதான், ஊர் ஊராகப் போக வேண்டும், கம்பெனி வேலை என்றால் நிரந்தரமும் கிடையாது. ஆனால் கருவியைப் பிடித்திருப்பது மடை திறந்த கையாக இருந்தால் அந்த ஒரு முழத் தாழ்வு அதன் கண்ணுக்குத் தப்பாது. பெண் பிள்ளைகளையும் அனுப்பலாம். கருவிகளின் கனம் குறைந்துவிட்டது.

2024 டிசம்பர் மழையில் எங்கள் மோட்டார் ரூமில் தண்ணீர் ஏறிய உயரத்துக்குச் சுவரில் தார்க்கோடு போட்டு, தேதியும் எழுதி வைத்திருக்கிறேன். தரையிலிருந்து இரண்டே கால் அடி. மறுகால் எந்தப் பக்கம் திரும்பியது என்பதற்கு ஓர் அம்புக்குறியும் போட்டிருக்கிறேன். கல் நட வருகிறவர் வந்தால் முதலில் அந்தச் சுவருக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன்.