ஹெந்தளை ஸ்ரூடியோவும் லயத்துச் சுவைஞனும்

இலங்கைச் சினிமா வரலாறு எழுதப்படும்போதெல்லாம் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ இரு வகையாகவே நினைவுகூரப்படுகின்றது. தமிழ்ப் பெருமை பேசுவோர், சிங்களச் சினிமாவை வளர்த்தெடுத்தவர் தமிழரே என்பதற்கு அதனைச் சான்று காட்டுவர். தேசிய சினிமா பேசுவோர், தென்னிந்திய மசாலாப் படங்களின் அச்சில் சிங்களப் படங்களை வார்த்த பட்டறை அதுவெனச் சாடுவர். இரு சாராரும் ஒரு கேள்வியை எழுப்புவதில்லை. அந்த ஸ்ரூடியோவை எழுப்பிய மூலதனம் யாருடைய கைக்காசிலிருந்து திரண்டது? பதுளையில் நின்று நோக்குவோர்க்கு இதுவே முதற்கேள்வியாகும்.

செய்திகளில் ஐயமில்லை. 1947இல் வெளியான முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது படமாக்கப்பட்டதோ மதுரையில். கே. குணரத்தினம் தயாரித்த 'சுஜாதா' 1953இல் சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் ரி. ஆர். சுந்தரத்தின் இயக்கத்தில் உருவாயிற்று. பின்னர் நாயகம் கந்தானையிலும், குணரத்தினம் ஹெந்தளையிலும் ஸ்ரூடியோக்களை நிறுவினர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' (1960) குணரத்தினத்தின் தயாரிப்பே. இவையனைத்தும் உண்மை. ஆயின், முதலாளியின் இனத்தைச் சொல்லிவிட்டால் மூலதனத்தின் வரலாற்றைச் சொல்லியதாகிவிடாது.

குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிட்டெட் படத் தயாரிப்பு நிறுவனம் மாத்திரமன்று. படங்களை இறக்குமதி செய்து விநியோகித்த நிறுவனமுமாகும். நுழைவுச்சீட்டுப் பணத்தில் பட மாளிகைக்கு ஒரு பங்கும் விநியோகத்தருக்கு ஒரு பங்கும் சேரும். தென்னிந்தியத் தமிழ்ப் படங்களுக்கு இந்நாட்டில் யாழ்ப்பாணமும் கொழும்பும் மட்டுமே சந்தையாக இருக்கவில்லை. சம்பள நாளை அடுத்துப் பசறை, ஹாலி-எல, தெமோதரைத் தோட்டங்களிலிருந்து பதுளைக்கு இறங்கி வந்த கொழுந்து பறிக்கும் பெண்ணும் கவ்வாத்து வெட்டும் ஆணும் அச்சந்தையின் பகுதியாயிருந்தனர். அவர்கள் கொடுத்த சதங்களும் கொழும்புக்குச் சென்றன. அங்கு அவை கமெராவாகவும் ஒலிப்பதிவுக் கருவியாகவும் உருமாறின. அந்தக் கமெராவோ லயத்தை நோக்கித் திரும்பவில்லை.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை ஒன்றுண்டு. தமிழ்ச் சந்தை சிறியது, கோடம்பாக்கத்துடன் போட்டியிட முடியாது, ஆதலால் முதலீட்டாளர் சிங்களப் படங்களையே நாடினர் என்பர். இவ்விடை பாதி உண்மை, எனவேதான் ஆபத்தானது. கோடம்பாக்கத்துப் படங்கள் தாமாகக் கடல் கடந்து வரவில்லை. அவற்றை விலை கொடுத்து வாங்கி ஊர்தோறும் ஓடவிட்டவர்கள் இங்கிருந்த விநியோகத்தர்களே. போட்டியை இறக்குமதி செய்து இலாபம் ஈட்டியபின், போட்டியைக் காட்டி உள்ளூர்த் தமிழ்ப் படத்தை மறுப்பது எவ்வகை நியாயம்? தோட்டத் தொழிலாளி பார்வையாளனாகக் கணக்கில் வந்தான். மனிதனாகக் கதையில் வரவில்லை.

அவன் கதைக்குள் வந்த சந்தர்ப்பங்கள் வேறிடத்திலிருந்து பிறந்தன. கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' 1963இல் வெளியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் ஹென்றி சந்திரவன்ச எடுத்த 'சமுதாயம்' 16 மி.மீ. படமாதலால், 35 மி.மீட்டரில் அமைந்த முதல் இலங்கைத் தமிழ்ப் படம் 'தோட்டக்காரி'யே. அது திரைக்கு வந்த மறு ஆண்டிலேயே, 1964இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. திரையில் இடம்பெறத் தொடங்கிய மக்களே நாட்டில் இடமிழந்தனர். 1975இல் 'புதிய காற்று' வந்தது. அதைத் தயாரித்த வி. பி. கணேசன் தொழிற்சங்கத் தலைவர். அதன் எழுத்திற் பங்குகொண்ட தெளிவத்தை ஜோசப், ஹாலி-எலவுக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்தவர். மலையகத்தைத் திரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் மலையகத்திலேயே இருந்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கைக்கொண்டது. தனியார் இலாபம் கட்டுப்படுத்தப்பட்டது மெய்யே. எனினும் விநியோகத்தர் மாறினாரேயன்றி, லயத்துச் சுவைஞனின் நிலை மாறவில்லை.

1983 ஜூலையில் விஜயா ஸ்ரூடியோ எரியூட்டப்பட்டது. பல சிங்களப் படங்களின் மூலச்சுருள்கள் அத்தீயில் அழிந்தன. அதே மாதம் 27ஆந் திகதி பதுளை நகரிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஹெந்தளைத் தீயைப் பற்றிச் சினிமா வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர், அது வேண்டியதே. சிங்களக் கலைச் செல்வத்தைத் தமிழ்ப் பகைமை எரித்தது என்பது அனைவரும் மனங்கொள்ள வேண்டிய பாடம். ஆனால் அந்த ஸ்ரூடியோவுக்குக் காசு கொடுத்த ஊரும் அதே நாட்களில் எரிந்தது என்பதை எந்தச் சினிமா வரலாறு சேர்த்து எழுதுகின்றது?

இக்குறையை நிரப்பும் கடமை முதலாளிகளின் வாரிசுகளுக்குரியதன்று, பல்கலைக்கழகங்களுக்குரியது. பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கின்றது. படச்சுருள் ஓட்டியவர், சுவரொட்டி ஒட்டியவர், சம்பளக் காசில் சீட்டு வாங்கியவர் ஆகியோரின் வாய்மொழிகள் ஊவாத் தோட்டங்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. ஸ்ரூடியோ அதிபர்களின் புகழுரைகளை மீண்டும் மீண்டும் அச்சேற்றுவதை நிறுத்தி, தமிழ்த்துறையினரும் மாணவரும் அவ்வாய்மொழிகளைப் பதிவு செய்தல் வேண்டும். முதியோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். அவர்களும் போனபின் எஞ்சுவது முதலாளிகளின் வரலாறு மட்டுமே. அதனைச் சினிமாவின் வரலாறென ஏற்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.