ஒரு ஹெர்னியா, மூன்று ஆண்டுகள்

வேறு மாநிலம் ஒன்றுக்கு எம்.எஸ். தேர்வாளராகப் போயிருந்தபோது ஒரு மாணவரின் பதிவேட்டைப் புரட்டினேன். நாற்பது சொச்சம் அப்பெண்டிக்ஸ், முப்பது சொச்சம் ஹெர்னியா. மூன்று வருடத்துப் பதிவுகள். ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே பேனா, ஒரே நீல மை, சாய்வுகூட மாறாத கையெழுத்து. யூனிட் தலைவரின் கையொப்பங்களும் ஒரே உட்காரலில் போட்டவைதான். முதல் பக்கத்தில் முழுப் பெயர், பத்தாம் பக்கத்தில் இனிஷியல், கடைசியில் வெறும் சுழி. 'தனியாகச் செய்தது' என்று குறித்திருந்த ஒரு ஹெர்னியாவைக் காட்டி, மெஷ்ஷின் முதல் தையல் எங்கே விழுந்தது என்று கேட்டேன். புத்தகத்தில் உள்ளபடியே சொன்னான். "அந்த இடம் உன் விரலுக்கு எப்படி இருந்தது?" என்றேன். பதில் இல்லை. நல்ல பையன்தான், தேர்ச்சியும் பெற்றான். தேர்வு விதிகளின்படி அவனிடம் ஒரு குறையும் இல்லை. அந்தப் பதிவேட்டில் பொய் எழுதியவன் அவன் ஒருவன் மட்டுமில்லை என்பதுதான் ஊர் திரும்பும்வரை உறுத்திக்கொண்டிருந்தது.

நம் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். குரோம்பேட்டை, சேலையூர், ரத்தினமங்கலம், காட்டாங்கொளத்தூர், கேளம்பாக்கம், அப்புறம் 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. ஒரு மணி நேரக் கார் பயணத்துக்குள் இத்தனை மருத்துவக் கல்லூரிகள். இவற்றில் எந்த வார்டில் வேண்டுமானாலும் நுழைந்து, முதலாண்டு பி.ஜி.யிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வரும். ரத்த வங்கிக்கு ஓட வேண்டும், ஸ்கேனுக்குத் தேதி வாங்க வேண்டும், டிரெஸ்ஸிங் முடிக்க வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட ஒப்புதலுக்குப் படிவம் ஏற்ற வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும். இரண்டாமாண்டு? முதலாண்டை மேய்க்க வேண்டும். மூன்றாமாண்டு? தியேட்டர், ஆய்வேடு, தேர்வு. இவ்வளவு தெளிவான வேலைப் பங்கீடு வேறெந்தத் தொழிலிலும் இருக்காது. கை எப்போது எதைக் கற்க வேண்டும் என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் போகப் போக வந்துவிடும்" என்கிறோம்.

நம் எல்லோருடைய ரெசிடென்சிக்கும் மூதாதை, 1889-இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் ஏற்படுத்திய முறை. அங்கே எத்தனை வருடம் என்ற கணக்கே கிடையாது. தயார் என்று அவர் நினைக்கும்வரை இருக்க வேண்டியதுதான். பலர் நுழைந்து ஓரிருவர் உச்சிக்குப் போனதால் அதற்குப் பிரமிடு என்றே பெயர். நாம் அதைத் தலைகீழாக்கிக்கொண்டோம். காலம் கறார், தேர்ச்சிதான் நெகிழ்கிறது. இன்றைய அமெரிக்காவில் ஐந்து வருடத்தில் குறைந்தது 850 அறுவை என்றும், அதில் கடைசி வருடத்தில் மட்டும் 200 என்றும், இரண்டு வருடம் முடியுமுன் 250 என்றும் வைத்திருக்கிறார்கள். அந்த எண்களை மட்டும் இறக்குமதி செய்தால் இங்கே நீல மைப் பேனா வியாபாரம்தான் கூடும். ஆனால் அந்த 250 எனக்குப் பிடிக்கும். பரனூர் சுங்கச்சாவடி மாதிரி பாதி வழியில் வண்டியை நிறுத்துகிறது.

நம் பாதி வழிச் சாவடியாக எண்ணிக்கையை வைக்க வேண்டாம், ஒரே ஒரு அறுவையை வைப்போம் என்பது என் யோசனை. தினமும் நடக்கும் இங்குவினல் ஹெர்னியா, லிச்டென்ஸ்டீன் முறை. இதையே மூன்று ஆண்டுகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாம்.

முதலாண்டின் பங்கு வார்டிலேயே தொடங்குகிறது. நோயாளி விழித்திருக்கும்போது, அவரையே கேட்டு, எந்தப் பக்கம் என்று மார்க்கரால் குறிப்பது. சிறுநீர் சிரமம் உண்டா, நாள்பட்ட இருமல் உண்டா என்று விசாரிப்பது. பீடி குடிக்கும் அறுபது வயதுக்காரரின் ஹெர்னியாவை எல்லோரும் பார்ப்பார்கள். அவருடைய புராஸ்டேட்டைக் கேட்டு வைப்பவன்தான் முதலாண்டு. பிறகு தோல் கீறல், அடியில் குறுக்கே ஓடும் சிரைகளைக் கட்டுவது, கடைசியில் தோலை மூடுவது. ஆறு மாதம் இதைச் செய்தவனின் திசு உணர்வு, ஆறு மாதம் லேப்பராஸ்கோப் கேமராவை மட்டும் பிடித்து நின்றவனுக்கு வராது. (கேமரா பிடிப்பதும் ஒரு திறமைதான். படுகிடை சாயாமல், கருவியின் நுனி திரையின் நடுவில் நிற்கும்படி பிடிப்பவர்கள் குறைவு. அதற்கும் யாராவது மதிப்பெண் போட்டால் தேவலை.)

இரண்டாமாண்டில் எக்ஸ்டர்னல் ஆப்லிக்கைத் திறந்து, இலியோஇங்குவினல் நரம்பைக் கண்டு காப்பாற்றி, கார்டைத் தனியே எடுத்து, பையைக் கண்டுபிடிப்பது. இங்கேதான் கை நடுங்கும். பை தெரியாமல் கார்டைப் பிய்த்துக்கொண்டிருக்கும் மாணவனின் கையிலிருந்து கருவியை வாங்கிக்கொள்ள எந்த ஆசிரியருக்கும் ஆசை வரும். பத்து நிமிடம் பொறுத்தால் அவனுக்கு ஒரு அறுவை கிடைக்கும். வாங்கிக்கொண்டால் நமக்கு ஒரு தேநீர் கிடைக்கும். மூன்றாமாண்டில் மெஷ். ப்யூபிக் ட்யூபர்கிளுக்கு அப்பால் இரண்டு சென்டிமீட்டராவது மெஷ் படிந்திருக்க வேண்டும், தையல் எலும்புறையில் ஏறக்கூடாது. ஹெர்னியா திரும்பி வருவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். அந்த எலும்பு முண்டை விரலால் தொட்டவனுக்கு நான் தேர்வில் கேட்ட கேள்வி ஒரு கேள்வியே இல்லை.

அதோடு, மூன்றாமாண்டுக்காரன் எதிரே நிற்கும் முதலாண்டுக்கு நரம்பைக் காட்டிக் கொடுக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அதே ஹெர்னியா முறுக்கிக்கொண்டு வந்தால், கறுத்த குடலை வெதுவெதுப்பான சலைன் பேடால் சுற்றிவைத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நிறம் திரும்புகிறதா, குடல் புழுவாய் நெளிகிறதா, மெசென்டரியில் துடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, வெட்டுவதா விடுவதா என்று முதலில் அவன் சொல்ல வேண்டும். ஆசிரியர் அப்புறம் சொல்லட்டும்.

கையைவிடக் கடினமான எதிர்பார்ப்பு ஒன்று உண்டு. அது முதலாண்டுக்கு உரியது. நான் முதலாண்டு பி.ஜி.யாக இருந்தபோது இரவில் ஒரு பைக் விபத்து. இருபது வயது இருக்கும். ரத்த அழுத்தம் 110, நாடித்துடிப்பு 118. கேஸ் ஷீட்டில் 'நிலை சீராக உள்ளது' என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் நாடித்துடிப்பு 126. டூட்டி உதவிப் பேராசிரியரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியும். முந்தின வாரம் இதே மாதிரி கூப்பிட்டு, "இதுக்கெல்லாமா தம்பி எழுப்புவாங்க?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் நினைவிருந்தது. இன்னொரு பாட்டில் சலைன் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வயிற்றைத் திறந்தபோது மண்ணீரல் இரண்டாகக் கிடந்தது. பையன் பிழைத்தான். மூன்று மணி நேரம் தாமதம். அவன் அம்மா என் கையைப் பிடித்து நன்றி சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது, இனிமையான நினைவாக அல்ல.

அதனால் முதலாண்டு முடிவில் நான் எதிர்பார்ப்பது, ஆள் சரியில்லை என்று கண்டுபிடித்துக் கூப்பிடத் தெரிந்திருப்பது. இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அது ஆசிரியரின் தேர்ச்சி: எழுப்பினால் திட்டாமல் எழுந்து வருவது. பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் விபத்து குறையவில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்த பிறகு இரவு நடமாட்டமும் கூடியிருக்கிறது. இதே ஜி.எஸ்.டி. சாலையில் மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பரில் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. அந்த 48-இன் முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் ஒரு முதலாண்டு பி.ஜி.யின் கையில்தான் கழிகிறது.

மார்புக் குழாயும் அந்த ஒரு மணி நேரத்தைச் சேர்ந்ததே. விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி நுழைவது, விரலை உள்ளே விட்டு நுரையீரலைத் தொட்டுப் பார்ப்பது, பாட்டிலில் நீர்மட்டம் மூச்சோடு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது. இதை முதலாண்டிலேயே 'தனியாகச் செய்தது' கட்டத்துக்குக் கொண்டுவர முடியும். டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய, ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த நெஞ்சக நோய் மருத்துவமனை நம் தாம்பரத்தில் இருக்கிறது. சீழ் கட்டிய நெஞ்சைக் காண நம் மாணவர்கள் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. ஒரு வாரம் அனுப்பிவைக்கத் துறைத் தலைவர்களுக்கு மனம் வர வேண்டும்.

மாவட்ட உறைவிடப் பயிற்சிக்கு வருகிறேன். 2021-இல் சேர்ந்தவர்களிலிருந்து அது கட்டாயம். மூன்றாவது, நான்காவது அல்லது ஐந்தாவது பருவத்தில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை. சிலருக்கு இது விடுமுறை, சிலருக்குத் தியேட்டர் பறிபோகும் துக்கம். போய்வந்த ஒரு மாணவி சொன்னது வேறு. "சார், அங்கே போன முதல் நாளே சர்க்கரை நோய்க் கால் ஒன்று. காலை எடுக்கணுமா, கிழித்துச் சீழ் எடுத்தால் போதுமா என்று அந்த சர்ஜன் என்னைக் கேட்டார். காலேஜில் ஒன்றரை வருடமாக யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை." அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் அவளை நாம் அனுப்பியிருந்தோமா? எனக்குத் தெரிந்து, அனுப்புமுன் என்ன தெரியும் என்று பார்ப்பதும் திரும்பியபின் என்ன கற்றாய் என்று கேட்பதும் அபூர்வம். செங்கல்பட்டு மாவட்டத் தலைமை மருத்துவமனையே இப்போது தாம்பரம் சானடோரியத்தில் புதுக் கட்டிடத்துக்கு வந்திருக்கிறது. அங்கிருக்கும் சர்ஜனுக்கு ஒரு போன் போட்டு, பிள்ளை எதில் தேறியிருக்கிறது, எதில் கையைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு நிமிடம் பேசினால் போதும்.

மூன்றாமாண்டின் கடைசி மாதங்களில் நம் மாணவர்கள் நூலகத்துக்குள் மறைந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. லாங் கேஸ், ஷார்ட் கேஸ், வைவா என்று தேர்வு கேட்பதெல்லாம் ஹெர்னியாவைப் பற்றிப் பேச்சு. ஹெர்னியாவைச் செய்து காட்டச் சொல்வதில்லை. முடித்த கையோடு, அரசு இடத்தில் படித்தவர் ஒப்பந்தப்படி ஏதோ ஒரு தாலுகா மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே அவர்தான் சர்ஜன். எழுப்புவதற்கு ஆள் கிடையாது.

நேரம் எங்கே என்று கேட்பார்கள். அரசு மருத்துவமனையில் கேஸ் குவிகிறது, கற்றுத்தர ஆளுக்கு ஓய்வில்லை. தனியாரில் பணம் கட்டிய நோயாளி பெரிய டாக்டர்தான் கத்தி பிடிக்க வேண்டும் என்கிறார். இரண்டும் உண்மை. ஆனால் தோல் கீறலையும் பை தேடலையும் பிரித்துக் கொடுக்க இரண்டு இடத்திலும் தடையில்லை. பெரிய டாக்டர் எதிர்ப்பக்கம் கை கழுவி நின்றால் நோயாளிக்கும் நஷ்டமில்லை. மாணவனின் நேரம் வேறு கதை. 1992-இல் மத்திய சுகாதார அமைச்சகம் உறைவிட மருத்துவருக்கு வாரம் 48 மணி, தொடர்ந்து 12 மணிக்கு மேல் கூடாது என்று எழுதியது. 2023 டிசம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளில் அது 'நியாயமான வேலை நேரம்' ஆகிவிட்டது. எண் இருந்த இடத்தில் பெயரடை வந்தால் யாருக்கு வசதி என்று விளக்க வேண்டியதில்லை. ரத்தப் பையோடு மூன்று மாடி ஏறி இறங்கும் மணிகளை அவனிடமிருந்து எடுத்தாலே தியேட்டருக்கு நேரம் கிடைத்துவிடும்.

நம் வட்டார யூனிட் தலைவர்களிடம் இந்த இதழ் ஒன்று கேட்கிறது. உங்கள் யூனிட்டில் ஹெர்னியாவின் எந்தப் படியை எந்த ஆண்டுக்காரர் செய்கிறார் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். வருபவற்றை அடுத்த இதழில் அப்படியே வெளியிடுகிறோம். கூடவே இந்த மாதம் நடந்த ஒரு அறுவையின் பதிவேட்டுப் பக்கமும் வேண்டும், நோயாளியின் பெயரை மறைத்து. கையொப்பம் அறுவை நடந்த அன்றைக்கே போட்டதாக இருக்கட்டும்.