ஆளில்லாத காவல் லாரி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து நெடுஞ்சாலைகளிலே வெள்ளைக் கோடும் மஞ்சள் கோடும் போட்டுச் செல்லும் வர்ண வண்டிக்குப் பின்னால், சிறிது தூரம் விட்டு, கனத்த லாரி ஒன்று ஊர்ந்து வருவதுண்டு. சரக்கு ஏற்றுவது அதன் வேலையன்று. மோதினால் நசுங்கி வேகத்தை உள்வாங்கிக்கொள்ளும் பெரியதொரு மெத்தையைப் பின்புறத்தில் சுமந்துகொண்டு, கவனமின்றி விரைந்து வரும் மோட்டாரின் அடியைத் தான் ஏற்று, முன்னே வேலை செய்பவர்களின் பிராணனைக் காப்பதற்காகவே அது ஏற்பட்டது. ஆகவே அதை ஓட்டுகிறவர், பிறர் வந்து இடிப்பதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்ட வாகனத்தில், கண்ணாடியிலே பின்புறத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைத் தம் உத்தியோகமாகக் கொண்டவர். விபரீதமான உத்தியோகங்கள் உலகத்தில் பல உண்டென்றாலும், சம்பளம் கொடுத்து ஒருவரை இப்படி உட்கார வைப்பதற்கு ஈடானவை சொற்பமே.

2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அம்மாநிலப் போக்குவரத்துத் துறையார், ஃபோர்ட் காலின்ஸ் நகரில் கோடு போடும் பணியின்போது, இந்த லாரியை ஓட்டுநர் இல்லாமலே நடத்திக் காட்டினர். படைத்துறைக்கென்று பிறந்த நுட்பம் இங்கே சாலைப் பணிக்கு வந்திருக்கிறது: முன்னே செல்லும் வண்டி தன் இருப்பிடத்தையும் வேகத்தையும் திசையையும் கணத்துக்குக் கணம் வானலை வழியே அனுப்ப, பின்னே வரும் லாரி அந்தத் தடத்தை அப்படியே பின்பற்றுகிறது. ஜெர்மனியிலும் இதே நோக்கத்துடன் ஆளில்லாத காவல் லாரி ஒன்று உருவாக்கப்பட்டு, 2018-இல் ஆட்டோபான் சாலையில் சோதிக்கப்பட்டது.

நகரத் தெருக்களில் பிரயாணிகளை ஏற்றித் திரியும் தானோட்டி மோட்டார்களைக் குறித்து எனக்குள்ள சந்தேகங்கள் அனந்தம். எனினும் அவற்றுள் பெரும்பாலானவை இந்த லாரிக்குப் பொருந்தா என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே, மனிதனைவிட இயந்திரம் சாமர்த்தியமாக ஓட்டுமா என்ற கேள்வி எழுகிறது. இங்கோ இயந்திரத்தின் சாமர்த்தியம் இரண்டாம் பட்சம், மோதல் நிகழும் கணத்தில் அந்த ஆசனம் காலியாக இருப்பதே முழுப் பிரயோஜனம். பொதுப் பணத்தில் தானோட்டி வாகனம் வாங்கத்தான் வேண்டுமென்று ஒரு சர்க்கார் கருதுமானால், முதன்முதலில் வாங்கத் தகுந்தது இதுவே என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் என் கவலை வேறோரிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் சாலைப் பணி நடக்கும் இடங்களில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 800 பேருக்கு மேல் மாண்டிருக்கிறார்கள். அவர்களிலே பெரும்பான்மையோர் தொழிலாளரல்லர், அவ்வழியே வாகனங்களில் சென்றவர்கள். 2023 மார்ச்சில் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் சுற்றுச்சாலையில், மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்த இரண்டு கார்களுள் ஒன்று மற்றொன்றில் உரசி, கட்டுத் தவறி, கான்கிரீட் தடுப்பின் இடைவெளி வழியே பணியிடத்துக்குள் பாய்ந்து, தொழிலாளர் ஆறு பேரை ஒரே கணத்தில் பலிகொண்டது. அந்தத் துயரத்தை எந்த லாரியின் மெத்தையும் தடுத்திருக்குமென்று நான் நம்பவில்லை. மேரிலாந்து சட்டசபை அடுத்த ஆண்டே சாலைத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றி, பணியிட வேகக் காமிராவில் சிக்கியவர்களுக்கு அதுவரை 40 டாலராக இருந்த அபராதத்தை வேகத்துக்கேற்ப 1,000 டாலர் வரை உயர்த்தியது. ஆறு உயிர் போன பிறகுதான் அதற்கு மனம் வந்தது என்பது வேறு விஷயம்.

காவல் லாரியில் ஆள் இல்லையென்றானதும், ‘இனி அபாயம் யாருக்கு?’ என்று அதிகாரிகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டு, தடத்தை மூடினால் வாகனங்கள் தேங்கும், ஜனங்கள் முணுமுணுப்பார்கள் என்ற அச்சத்தினால், மூட வேண்டிய தடத்தையும் மூடாமல், ஓடும் போக்குவரத்தின் நடுவிலேயே மேலும் மேலும் வேலையை நடத்தத் துணிவார்களோ என்பதே எனக்குள்ள பயம். மெத்தை எவ்வளவு உயர்ந்ததானாலும், அதில் வந்து மோதுகிற காரில் ஒரு மனிதனோ ஒரு குடும்பமோ இருக்கத்தானே செய்யும்?

ஆதலால் லாரிக்குப் பணம் ஒதுக்கும் அதே பட்ஜெட்டில், போக்குவரத்துக் குறைந்த இரவு வேளையில் தடத்தை மூடி வேலை செய்வதற்கும், பணியிடங்களில் வேகக் காமிரா நிறுத்துவதற்கும் ஆகும் செலவும் சேர்ந்தே ஒதுக்கப்பட வேண்டும். ஆசனத்திலிருந்து இறங்கிய ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பிச் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதும் சரியன்று. கடல் மட்டத்துக்கு 11,000 அடிக்கு மேலே மலையைக் குடைந்து செல்லும் கொலராடோவின் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை போன்ற இடங்களில், வண்டிகளுக்கு இருப்பிடம் காட்டும் செயற்கைக்கோளின் சமிக்ஞை எட்டாது; லாரி தடம் மாறும் வேளையில் அதை நிறுத்துவதற்கு, முன்வண்டியில் விவரமறிந்த ஒருவர் வேண்டும். இத்தனை காலம் கண்ணாடியில் பின்புறத்தைப் பார்த்துப் பழகியவரையே அந்த இடத்தில் அமர்த்தலாம்.