காப்பை அடகு வைக்க முன்



நேற்று பாடசாலை விட்டு உட்துறைமுக வீதியால் வரும்போது ஒரு தாய் மறித்துக் கேட்டார்: "சேர், மகன் கேம் விளையாடுறத யூடியூப்ல லைவ் போட கெப்சர் கார்ட் வேணுமாம். காப்ப அடகு வெக்கவா?"

வேண்டாம் என்றேன். மற்றப் பெற்றோருக்கும் காரணத்தைச் சொல்கிறேன்.

கெப்சர் கார்ட், வேறொரு கருவியின் படத்தை எச்.டி.எம்.ஐ. வயர் வழியாகக் கணினிக்குள் எடுப்பது. பிளேஸ்டேஷனில் விளையாடிக் கணினியில் பதிபவருக்கும், இரண்டு கணினி உள்ளவருக்கும் அது உதவும். விளையாடுவதும் பதிவதும் ஒரே கணினியில் என்றால் ஓ.பி.எஸ். மென்பொருள் போதும், 2012 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. கேம் சிக்கினால், என்விடியா கிராபிக்ஸ் கார்ட் உள்ளவர்கள் அதில் என்கோடரை 'என்வென்க்' என்று மாற்றலாம். 720 இல் பதியலாம். போனில் ஃப்ரீ ஃபயர் விளையாடும் பிள்ளைக்குப் போனிலுள்ள ஸ்கிரீன் ரெக்கோடரே காணும்.

லைவ் விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் அப்லோட் வேகம் போதாததால். அதைக் கார்ட் திருத்தாது.

பிள்ளையின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. எடிட்டிங்கும் பேச்சும் நாளைக்குத் தொழிலாகலாம். முதலில் இலவச மென்பொருளில் பத்து வீடியோ செய்து காட்டட்டும். காப்பு கையிலேயே இருக்கட்டும்.