வீட்டுக் கணக்கு: ஆயிரம் ரூபாயும் ஓர் அடுப்பும்



சென்ற மாதம் ஒரு நாள், பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு காலை வண்டி போன பிறகு, மாரிகுப்பம் நிலையம் அமைதியாக இருந்தது. அவ்வேளையில் எங்கள் லைனைச் சேர்ந்த முதிய அம்மையார் ஒருவர் பயணச்சீட்டுச் சாளரத்தின் முன் வந்து நின்றார். சீட்டு வாங்க வந்தவர் அல்லர்.

"தம்பி, விலை ஏறினால் உங்களுக்குப் பஞ்சப்படி ஏறுகிறது. நீ வாங்கும் அதே காஸைத்தான் நானும் வாங்குகிறேன். எனக்கு ஏன் ஏறவில்லை?" என்று கேட்டார்.

"நாளை வாருங்கள் பெரியம்மா, கணக்குப் போட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். விடை தெரியாமல் அல்ல. அதை முகத்துக்கு நேரே சொல்ல நா எழவில்லை. அக்கணக்கையே இம்மாதம் இப்பகுதியில் எழுதுகின்றேன்.

அவருடைய கணவர் சுரங்கத்தில் நிலத்தடி வேலை பார்த்தவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது வெளியேறியவர்களுள் ஒருவர். இன்று அவர் இல்லை. அம்மையாருக்குத் தொழிலாளர் வைப்புநிதியின் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அத்திட்டத்தின் குறைந்த அளவு ஓய்வூதியம் அதுவே. 2014 செப்டம்பரில் அத்தொகை வரையறுக்கப்பட்டது. 2025-இலும் அது 1,000 ரூபாயாகவே நின்றது.

விளக்கைப் பற்றி அம்மையாருக்குக் கவலை இல்லை. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்து, 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் கொணர்ந்த ஊர் நம் தங்கவயல். பெங்களூர்த் தெருக்கள் மின்விளக்கைக் கண்டது 1905-இல்தான். அன்று அம்மின்சாரம் சுரங்கத்துக்கு வந்ததேயன்றித் தொழிலாளியின் குடிசையைத் தேடி வரவில்லை என்பது வேறு கதை. 2023 ஆகஸ்டு முதல் கர்நாடக அரசின் கிருக ஜோதித் திட்டம் நடைமுறைக்கு வந்ததனால், ஒற்றை விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள அவர் வீட்டுக்கு மின்கட்டணம் இல்லை. 200 யூனிட்டைத் தாண்டினால் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். அவர் அதில் கால் பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆகவே, அவருடைய தொல்லையெல்லாம் அடுப்பில்தான்.

இனி, காஸ் விலைக்கு வருவோம். இதைப் பற்றி நம் தேநீர்க் கடைகளில் நடக்கும் வழக்கு வாசகர்கள் அறிந்ததே. "2014-இல் சிலிண்டர் 414 ரூபாய், இன்று இரு மடங்கு" என்பார் ஒருவர். "2014 ஜனவரியில் 1,241 ரூபாய் விற்றதே, இப்போது மலிவு அன்றோ?" என்று மடக்குவார் மற்றொருவர். இருவரும் சொல்வது தில்லி விலை. நம் ஊரில் சில ரூபாய் கூடும் அல்லது குறையும். இரண்டு எண்களும் மெய்யே. 1,241 என்பது மானியம் இல்லாத விலை. ஆண்டுக்குரிய மானியச் சிலிண்டர்களின் எண்ணிக்கை தீர்ந்தபின் வாங்கியவர் கொடுத்தது அது. 414 என்பது மானியத்தோடு சாதாரணக் குடும்பம் கொடுத்தது. பன்னிரண்டு சிலிண்டரைத் தாண்டாத வீட்டுக்கு 414 தான் விலை. எந்த வீட்டின் கணக்கு என்று கேட்காமல் விலையைப் பேசினால் வழக்கு விடியும்வரை நடக்கும்.

அந்த மானியம் எப்படி மறைந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. ஆகவே சவூதி அரேபியா மாதந்தோறும் அறிவிக்கும் விலையும், டாலருக்கு எதிரான ரூபாயின் மதிப்புமே நம் அடுப்பங்கரையை ஆட்டுவிக்கின்றன. 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் உலகச் சந்தையில் விலை சரிந்தது. மே மாதம் தில்லியில் சிலிண்டர் 581 ரூபாய் 50 காசுக்கு இறங்கியது. விலையே இறங்கிவிட்டபடியால் மானியத்துக்கு வேலை இல்லை என்று அது நின்றது. அப்போது யாரும் வருந்தவில்லை. பின்னர் விலை ஏறியது. 2023 மார்ச்சில் 1,103 ரூபாயைத் தொட்டது. போன மானியம் பெரும்பாலோருக்குத் திரும்பி வரவில்லை. உஜ்வலா இணைப்புப் பெற்ற பெண்களுக்கு மட்டும் 200 ரூபாய் என்றும், பின்பு 300 ரூபாய் என்றும் கிடைத்தது. கணவர் காலத்திலேயே இணைப்பு வாங்கிவிட்ட நம் அம்மையார் அந்த வரிசையில் இல்லை. முன்னேற்பாடாய் இருந்ததற்குக் கிடைத்த பரிசு! அதன்பின் 2023 ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தன. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி, 853 ரூபாயாயிற்று.

மண்ணெண்ணெய் விலையோ வேறு வழியில் ஏறியது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு 2016 ஜூலை முதல் லிட்டருக்கு 25 காசு வீதம் சிறுகச் சிறுக ஏற்றினார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதைப் போல, 2020-க்குள் அதன் மானியமும் கரைந்துபோயிற்று. 25 காசுக்கு யார் கொடி பிடிப்பார்?

என் பஞ்சப்படியின் கதை இது. மத்திய அரசின் தொழிலாளர் பணியகம், ஆலைத் தொழிலாளர் குடும்பம் வாங்கும் பொருள்களின் விலையை ஊர் ஊராகத் திரட்டி மாதந்தோறும் ஒரு குறியீட்டெண் வெளியிடுகிறது. 1960-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டுக்கு விலை திரட்டிய 50 மையங்களில் நம் கோலார் தங்கவயலும் ஒன்றாக இருந்தது என்பதை இளைஞர்கள் அறியமாட்டார்கள். பன்னிரண்டு மாதச் சராசரியைப் பார்த்து, ஜனவரியிலும் ஜூலையிலும் எங்களுக்குப் படி கணக்கிடப்படுகிறது. இரயில்வேயில் ஓய்வு பெற்றவருக்கும் அவ்வாறே. எங்களுக்கும் 2020 ஜனவரி முதல் பதினெட்டு மாதங்கள் அது நிறுத்தப்பட்டதுண்டு. ஆயினும் பின்னர் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது. வைப்புநிதி ஓய்வூதியம் எந்தக் குறியீட்டோடும் பிணைக்கப்படவில்லை. அம்மையாரின் கேள்விக்கு நேரான விடை இதுதான்.

அக்குறியீட்டுக்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட கணக்கில், குடும்பம் செலவிடும் 100 ரூபாயில் எரிபொருளுக்கும் விளக்குக்கும் 5 ரூபாய் 50 காசு என்று வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்கு அது ஏறக்குறைய ஒக்கும். அம்மையார் ஒரு சிலிண்டரை இரண்டு மாதம் ஓட்டுகிறார். 853-இல் பாதி 426 ரூபாய் 50 காசு. அவருடைய ஓய்வூதியத்தில் அது 100-க்கு 42-க்கும் மேல். மகன் அனுப்புவது வந்தால்தான் அரிசி. பருப்பை ஊறவைத்து வேகவைத்தால் எரிவாயு மிச்சமாகும் என்று இப்பகுதியில் நானே முன்பு எழுதியிருக்கிறேன். அவருக்கு அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் ஒரு வேளைதான் அடுப்பு மூட்டுகிறார்.

மறுநாள் அவர் வந்தபோது, ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய்க்கு 414 வீதம் இரண்டு சிலிண்டர் வாங்கினால் மீதம் 172 ரூபாய். 2025 ஏப்ரலில் அதே 1,000 ரூபாய்க்கு ஒரே சிலிண்டர், மீதம் 147. பொதுவான விலைவாசி மட்டும் பார்த்தாலும், அன்றைய 1,000 ரூபாயின் வாங்கும் ஆற்றல் குறையாதிருக்க, இப்போது ஏறத்தாழ 1,600 ரூபாய் வேண்டும். பொது விலைவாசியோடு மட்டும் காஸ் ஏறியிருந்தால் அது 660 ரூபாயை ஒட்டி நின்றிருக்கும். அதையும் தாண்டி ஏறியிருக்கிறது.

அவர் எண்களை விரல் வைத்துப் படித்தார். "அப்படியானால் பணம் குறையவில்லை, சிலிண்டர்தான் ஒன்று குறைந்துவிட்டது" என்றார். பிறகு, "தம்பி, இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடு. ஆயுள் சான்று கொடுக்கப் போகும்போது அந்த அதிகாரியிடம் இதையும் கொடுக்கிறேன்" என்று கேட்டார்.

அந்த அதிகாரியின் கையில் ஒன்றும் இல்லை, தில்லியில் தீர வேண்டிய காரியம் என்று சொன்னேன். "அவரும் படிக்கட்டுமே" என்றார். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சாம்பியன் பக்கமாக நடந்து போனார்.